முளைக்க முன்னம்

மார்கழிப் பனியிலை மலேசியன் புல்லு
மஞ்சளாய்ப் படுத்திட்டுது.
குருநாகலிலையிருந்து லொறியிலை
சதுரம் சதுரமாய் வந்த புல்லு,
உரும்பிராய்ச் செம்பாட்டிலை ஒட்டி இது இரண்டாம் வருசம்.
அது உறங்கிற நேரம் பாத்து
மற்றவை எழும்பீட்டினம்:
தாத்தாப் பூண்டு, குப்பைமேனி,
சதுரத்தோடை ரிக்கெற் எடுக்காமல் வந்த
பேர் தெரியாத ஒண்டு.
கடுகளவு வெள்ளைப்பூ அதுக்கு.
இழுத்தால் கழுத்தோடை அறுந்து
வேரை மண்ணுக்குள்ளை விட்டிட்டு வரும்.
(கோரை வேறை சாதி. குளிரும் ஒண்டு வெயிலும் ஒண்டு.
அதோடை நான் கதைக்கிறதில்லை.)

வீட்டுக்காரர் பிரம்ரனிலை.
கூரை மூலையிலை அவற்றை கமரா.
இஞ்சை விடியேக்கை அங்கை முதல்நாள் பின்னேரம்;
வேலையாலை வந்து பாத்திட்டு எடுக்கிறார்:
"சுகிர்தமலர், நல்ல பச்சையாய்க் கிடக்கு.
ஒண்டும் செய்ய வேண்டாம்."
அந்தப் பச்சை புல்லில்லை எண்டு
நான் உடனை சொல்லேல்லை.
அவற்றை முற்றத்திலை முழங்கால் அளவு ஸ்நோ.
பச்சை எண்டு சொல்லேக்கை
குரல் கொஞ்சம் இளகினது.

முகமாலையிலை ஏழு வருசம்
மிதிவெடி எடுத்தனான்.
முகத்துக்குக் கண்ணாடி மூடி, பாரமான அங்கி,
ஒரு மீற்றர் அகலப் பாதை,
இரண்டு பக்கமும் கயிறு, கையிலை சின்ன வாரி.
அந்தப் பழக்கம் போகேல்லை.
புல்லிலையும் தடி ஊண்டி நூல் கட்டித்தான் குந்துறன்.
பக்கத்து வீட்டு வதனி மதிலாலை எட்டி
"என்ன, அத்திவாரம் வெட்டுறியளோ?" எண்டவ.

ஒரு நாளைக்கு நாலு நூல்.
பனி ஈரத்திலை வேர் சுகமாய்க் கழரும்,
பத்து மணிக்குப் பிறகு மண் வாயை மூடீடும்.
பூ காய்க்க முன்னம் எடுக்கவேணும்.
எடுத்ததை மதிலடியிலை எறியாமல்
பையிலை கட்டவேணும்.
இப்ப பசளை போட்டால்
உறங்கிறது தின்னாது,
முழிச்சிருக்கிறதுதான் தின்னும்.
புல்லை ஒட்ட வெட்டவும் கூடாது,
தலைமயிர் கொஞ்சம் நீளமாய் நிண்டால்
கீழை கிடக்கிற விதைக்கு வெளிச்சம் தட்டாது.
விவசாயப் போதனாசிரியர் சொன்னது பாதி.
மிச்சம் முழங்கால் சொன்னது.

மிதிவெடி எடுத்தால் எடுத்ததுதான்.
அது காய்க்காது.
காத்திலை பறந்து
நேற்று முடிச்ச கயிற்றுக்குள்ளை விழாது.
ஒரு காணி முடிஞ்சால்
துப்புரவு எண்டு கடதாசி குடுப்பினம்,
அதை நம்பி ஆக்கள் கச்சான் போட்டவை.
இந்த முற்றத்துக்கு அப்பிடியொரு கடதாசி
ஆராலையும் எழுத ஏலாது.

மாசி முடிய வெயில் ஏறினது.
நான் விட்ட களையெல்லாம் தானாய்க் கருகினது.
புல்லு எழும்பினது.
ஆவணியிலை நல்லூருக்கு வந்த குகநேசன் அண்ணை
வெறுங்காலோடை நடந்து பாத்திட்டு
"நான் சொன்னனான்தானே" எண்டார்.
சொன்னவர்தான்.
விதையெல்லாம் அவற்றை பாதத்துக்குக் கீழை
நல்ல நித்திரை.

புரட்டாதிக் கடைசி. மழை இன்னும் இல்லை.
ஒரு களையில்லை, களையின்ரை ஒரு இலையில்லை.
இப்பதான் குருணை மருந்து தூவவேணும்.
முளைச்சு நிக்கிறதை அது ஒண்டும் செய்யாது,
முளைக்கப் போறதை மட்டும் மறிக்கும்.
கையுறை போட்டு, நூல் கட்டி, தூவி,
மெல்லமாய்த் தண்ணி விடுறன்.
போன் அடிக்குது.
"அங்கை ஒண்டும் இல்லையே, சுகிர்தமலர்.
எதுக்குப் போடுறியள்?"

கமராவை நிமிர்ந்து பாத்தன்.
ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடந்த நிலத்துக்குத்தான்
எனக்கு ஏழு வருசம் சம்பளம் தந்தவை.
அதைச் சொல்லேல்லை.
"மழை வருமாம் அண்ணை" எண்டிட்டு
அடுத்த நூலுக்குள்ளை தள்ளி இருந்தன்.